முன்னால மெத்து, பின்னால கெட்டி: ஒரு ஸ்பிரிங் கணக்கின் கதை

பஸ்ல கடைசி சீட்டுல உட்கார்ந்து போனவங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். ரோட்டுல ஒரே ஒரு ஸ்பீடு பிரேக்கர்தான். டிரைவருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிறவர் லேசா ஆடுவார், மறுபடி தூங்கிடுவார். கடைசி சீட்டுல இருக்கிற நாம மட்டும் கூரையைத் தொட்டுட்டு வருவோம். ஒரே வண்டி, ஒரே மேடு, ஆனா ரெண்டு அனுபவம். ஒரு வண்டிக்கு முன்பக்கம் வேற, பின்பக்கம் வேற.

போன மாசம் ஒரு நேயர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவர் கார்ல சி.என்.ஜி. கிட் போட்டிருக்கார். டிக்கியில சிலிண்டர் ஏறினதுல இருந்து வண்டியோட பின்பக்கம் தாழ்ந்துபோச்சு. மெக்கானிக் ஒருத்தர், "பின்னாடி மட்டும் கெட்டியான ஸ்பிரிங் போட்டுடலாம் சார்"னு சொல்லியிருக்கார். இன்னொரு மெக்கானிக், "முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு கலந்து போட்டா வண்டி கவுந்துடும்"னு பயமுறுத்தியிருக்கார். இதுல யார் சொல்றது சரி?

ரெண்டு பேர் சொன்னதுலயும் பாதி பாதி சரி இருக்கு. அந்தப் பாதி எதுன்னு கண்டுபிடிக்க கார் உலகத்துக்குப் பல வருஷம் ஆச்சு, நிறைய பணமும் செலவாச்சு. சில இடங்கள்ல பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் பெரிய விலையும் கொடுத்திருக்காங்க. இன்னைக்கு அந்தக் கதைதான்.

கலப்படம் புதுசு இல்லை

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். முன்னாடியும் பின்னாடியும் வேற வேற ஸ்பிரிங் இருக்கிறது ஒண்ணும் விபரீதம் இல்லை. நம்ம ஊர்ல ஓடின பிரபலமான கார்களையே எடுத்துக்குங்க.

அம்பாசடர். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3-ல இருந்து வந்த வண்டி. முன்னாடி டார்ஷன் பார். அதாவது சுருளே இல்லாத ஒரு நீளமான எஃகுக் கம்பி. ஈரத் துணியைப் பிழியற மாதிரி முறுக்கிக்கும், திரும்ப நிமிரும். பின்னாடி லாரியில பார்க்கிற மாதிரி பட்டை பட்டையா அடுக்கின லீஃப் ஸ்பிரிங்.

பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100-ன் வாரிசு. முன்னாடி காயில் ஸ்பிரிங், பின்னாடி லீஃப் ஸ்பிரிங்.

1983-ல வந்த முதல் மாருதி 800-லயும் முன்னாடி காயில், பின்னாடி லீஃப்தான். 1986-ல வந்த அடுத்த மாடல்லதான் பின்னாடியும் காயில் ஆச்சு.

ஆக, மூணு தலைமுறை இந்தியக் குடும்பங்கள் கலப்பு ஸ்பிரிங் வண்டியிலதான் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கு. இன்னைக்கு நாலு மூலையிலும் காயில் ஸ்பிரிங் இருக்கிற ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கைத் தூக்கிப் பார்த்தாலும் முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் ஒண்ணா இருக்காது. கம்பியோட தடிமன் வேற, சுத்து வேற, உயரம் வேற.

ஏன்? முதல் காரணம் சுலபம். சுமை. நீங்க தனியா ஓட்டினாலும், வீட்டுல எல்லாரையும் ஏத்திக்கிட்டுத் திருப்பதி போனாலும், முன் சக்கரங்கள் மேல இருக்கிற எடை பெருசா மாறாது. இன்ஜின் அங்கேயேதான் இருக்கு. ஆனா பின்பக்கம்? மூணு பேர், ரெண்டு சூட்கேஸ், ஒரு முறுக்கு டின். எல்லா எடையும் பின் ஸ்பிரிங் மேல. அதனால பின் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் திமிர் வேணும்.

ஆனா இது மட்டும்தான் காரணம்னா கதை இங்கேயே முடிஞ்சிருக்கும். ரெண்டாவது காரணம்தான் சுவாரசியமானது. அதுக்கு 1920கள்ல அமெரிக்காவுக்குப் போகணும்.

தலைகீழா இருந்த காலம்

1920கள்ல வந்த கார்கள்ல பெரும்பாலும் கணக்கு தலைகீழா இருந்தது. முன்னாடி கெட்டியான லீஃப் ஸ்பிரிங், பின்னாடி மெத்துன்னு லீஃப் ஸ்பிரிங். காசு கொடுத்த முதலாளி பின் சீட்டுலதானே உட்காருவார், அவர் சொகுசா இருக்கட்டும்னு நினைச்சா நியாயமாத்தான் தோணும். நடந்தது வேற. மேடு வந்தா வண்டி ஊஞ்சப் பலகை மாதிரி ஆட ஆரம்பிச்சுடும். மூக்கு மேல, வால் கீழ. வால் மேல, மூக்கு கீழ. பின் சீட்டுக்காரருக்குத்தான் வயித்தைப் பிரட்டும்.

சரி, முன் ஸ்பிரிங்கையும் மெத்துன்னு ஆக்கிடலாமே? அங்கதான் சிக்கல். அந்தக் காலத்து வண்டிகள்ல முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பு உத்திரம் இணைச்சிருக்கும். மாட்டு வண்டி அச்சு மாதிரி. அந்த அச்சை இடத்துல பிடிச்சு வெச்சிருக்கிறதும் அதே லீஃப் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்கை நீளமா, மெத்துன்னு செஞ்சா அச்சு அலைபாயும். முன் சக்கரத்துக்கும் பிரேக் வந்த பிறகு, பிரேக் போட்டா ஸ்பிரிங்கே முறுக்கிக்கும், ஸ்டியரிங் தானா இழுக்கும். பலூன் டயர்னு சொல்ற காத்தழுத்தம் குறைஞ்ச பெரிய டயர்களும் அந்தக் காலத்துலதான் வந்தது. அதோட சேர்ந்து இன்னொரு வியாதியும் வந்தது: ஒரு வேகத்துக்கு மேல முன் சக்கரங்கள் இடமும் வலமுமா படபடன்னு நடுங்கும், ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியாது. ஷிம்மின்னு பேர்.

அதனால இன்ஜினியர்கள் முன் ஸ்பிரிங்கைக் கெட்டியாவே விட்டாங்க. வயித்தைப் பிரட்டினாலும் பரவாயில்லை, ஸ்டியரிங் கையில இருந்தா போதும்னு.

ஒரு பெரிய கார், கொஞ்சம் எடைக்கட்டி

இந்த இடத்துல நம்ம கதாநாயகன் வர்றார். மாரிஸ் ஓலி. இங்கிலாந்துல ரோல்ஸ் ராய்ஸ்ல, ஹென்றி ராய்ஸுக்குக் கீழேயே வேலை கத்துக்கிட்டவர். ரோல்ஸ் ராய்ஸ் அமெரிக்காவுல மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டுல ஒரு தொழிற்சாலை நடத்தினாங்க. அங்கேயும் வேலை பார்த்தவர். ஸ்பிரிங் ஆராய்ச்சி பண்ணினவர் வேலை பார்த்த ஊர் பேரே ஸ்பிரிங்ஃபீல்டு, நான் வேணும்னு சொல்லலை!

1930-ல அவர் ஜெனரல் மோட்டார்ஸுக்கு, காடிலாக் பிரிவுக்கு வந்தார். 1932-ல ஒரு வினோதமான வண்டியைத் தயார் பண்ணினார். ஏழு பேர் உட்கார்ற ஒரு பெரிய லிமோசின். முன்னாடியும் பின்னாடியும் எடைகளை நகர்த்தி வெக்கிற ஏற்பாடு. எடையை வெளிப்பக்கம் தள்ளினா வண்டி ஆடற விதம் மாறும். உள்பக்கம் இழுத்தா வேற மாதிரி மாறும். முன் ஸ்பிரிங், பின் ஸ்பிரிங் ரெண்டோட விகிதத்தையும் மாத்திக்கலாம். "கே ஸ்கொயர் ரிக்"னு அதுக்குப் பேர்.

அந்த வண்டியில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், சொகுசை அளக்க அதுல எந்தக் கருவியும் இல்லை. ஓலியும் கூட்டாளிகளும் அதுல ஏறி உட்கார்ந்து போனாங்க. எது நல்லா இருக்குன்னு தங்களையே கேட்டுக்கிட்டாங்க. எடையை மாத்தினாங்க, ஸ்பிரிங்கை மாத்தினாங்க, மறுபடி ஏறினாங்க. நல்ல பயணம்னா என்னன்னு இலக்கணம் சொல்ல அப்பவும் முடியலை, பிறகும் முடியலை, அதனால உடம்பைக் கேக்கிறதுதான் சரியான வழின்னு ஓலியே பின்னாளில் எழுதியிருக்கார். சமையல்ல உப்பு பார்க்கிற மாதிரி.

அப்படிப் பார்த்ததுல கிடைச்ச பதில்: முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கை விட மெத்துன்னு இருக்கணும். அதுவரைக்கும் உலகம் பண்ணிட்டிருந்ததுக்கு நேர் எதிர். அப்படி வெச்சா வண்டி ஊஞ்சப் பலகை மாதிரி ஆடறதை விட்டுட்டு, தட்டையா, படகு அலையில ஏறி இறங்கற மாதிரி போச்சு. இதுக்கு "ஃபிளாட் ரைடு"ன்னு பேர் வந்தது.

கணக்கு இதுதான்

ஏன் அப்படி? ஒரு சின்னக் கணக்கு போடலாம். பயப்படாதீங்க, ரெண்டு கூட்டல்தான்.

எந்த ஸ்பிரிங்கும் ஒரு தாளத்துல ஆடும். மெத்துன்னு இருந்தா மெதுவா, கெட்டியா இருந்தா வேகமா. வண்டியோட எடைக்கு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குதுங்கிறதை வெச்சே அந்தத் தாளத்தைச் சொல்லிடலாம். சீரான ஸ்பிரிங் ஒண்ணு 25 சென்டிமீட்டர் அமுங்கினா நொடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை ஆடும். 11 சென்டிமீட்டர்தான் அமுங்குதுன்னா நொடிக்கு ஒன்றரைத் தடவை. மனுஷன் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கற தாளத்துக்கு இது ரொம்ப தூரம் இல்லை. அதனாலதான் இந்த எல்லைக்குள்ள இருந்தா உடம்புக்கு உறுத்தாது.

இப்ப ஒரு கார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில 2.5 மீட்டர். வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர். ஒரு மேடு வருது. முன் சக்கரம் ஏறுது. அதே மேட்டுல பின் சக்கரம் ஏற 0.125 நொடி ஆகும். முன்பக்கம் ஆட ஆரம்பிச்சாச்சு, பின்பக்கம் தாமதமாத்தான் ஆட ஆரம்பிக்கும்.

முன்பக்கத் தாளம் நொடிக்கு 1.2, பின்பக்கத் தாளம் 1.4-ன்னு வெச்சுக்குவோம். முன்பக்கம் ஒரு ஆட்டத்தை முடிக்க 0.83 நொடி. பின்பக்கத்துக்கு 0.71 நொடிதான், ஆனா 0.125 நொடி லேட்டா ஆரம்பிச்சது. கூட்டினா 0.84. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல முடியுது! லேட்டா வந்தவன் வேகமா ஓடி முன்னாடி போனவனைப் பிடிச்சுட்டான். ஒரே ஒரு ஆட்டத்துக்குள்ள வண்டி முழுசும் ஒண்ணா மேல, ஒண்ணா கீழ.

இப்ப பழைய காலத்து ஏற்பாடு. முன்னாடி 1.4, பின்னாடி 1.0. முன்பக்கம் 0.71 நொடியில முடிச்சுட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போயிடும். பின்பக்கம் முடிக்க 1.125 நொடி ஆகும். 0.4 நொடிக்கு மேல பின்தங்கல். அதாவது ஏறக்குறைய அரை ஆட்டம். முன்பக்கம் கீழ இருக்கும்போது பின்பக்கம் மேல. ஊஞ்சப் பலகைங்கிறது இதுதான்.

இந்தக் கணக்கு எல்லா வேகத்துக்கும் அப்படியே பொருந்தாது. வேகம் மாறினா தாமதம் மாறும். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தைச் சீக்கிரமே அடக்கிடும். ரேஸ் கார் செய்றவங்க வேற காரணங்களுக்காக வேற மாதிரி வைப்பாங்க. ஆனா சாதாரணப் பயணிகள் கார் வடிவமைக்கிறவங்களுக்கு ஓலியோட விதி இன்னைக்கும் ஒரு நல்ல தொடக்கப் புள்ளி.

முதல் 15 டாலர்

விதி கிடைச்சாச்சு. ஆனா முன் ஸ்பிரிங்கை மெத்துன்னு ஆக்கினா பழைய ஷிம்மி வியாதி திரும்ப வருமே? அதனால அந்த இரும்பு உத்திரத்தையே தூக்கி எறியணும். ரெண்டு முன் சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கற மாதிரி புது அமைப்பு வேணும். இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். ஐரோப்பாவுல சில வண்டிகள்ல ஏற்கனவே இருந்த யோசனைதான். லான்சியா லாம்ப்டா 1922-லயே பண்ணியிருந்தது. ஆனா லட்சக்கணக்குல கார் செய்ற அமெரிக்கக் கம்பெனி ஒண்ணு இதுல இறங்கறதுன்னா அது பெரிய பந்தயம். அதுவும் எப்ப? 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு, ஜனங்க கார் வாங்கறதையே நிறுத்திக்கிட்ட காலத்துல.

ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1964-ல வெளியான தன்னோட நூல்ல இந்தக் கட்டத்தை ஓலியோட வார்த்தைகள்லயே பதிவு பண்ணியிருக்கார். 1933 மார்ச் மாசம் பெரிய அதிகாரிகள் எல்லாரையும் சோதனை வண்டிகள்ல ஏத்தி ஓட்டிக் காட்டியிருக்காங்க. விற்பனைப் பிரிவுத் தலைவர் ரிச்சர்ட் கிராண்ட் சொன்ன கருத்தோட சாரம் இது: இப்படி ஒரு பயணம் வெறும் 15 டாலருக்குக் கிடைக்கும்னா, அந்தப் பணத்தை எப்படியாவது தேத்திடலாம். அடுத்து வில்லியம் நூட்சன், செவ்ரலேவை வளர்த்தவர். இது விலை உயர்ந்த கார்களுக்கு மட்டும்னு விட அவர் தயாரா இல்லை, செவ்ரலேக்கும் வேணும்னு பிடிவாதம். அவ்வளவு காயில் ஸ்பிரிங்குக்குக் கம்பியை உருட்டித் தீட்டற மெஷின்களே நாட்டுல போதாதுன்னு சொல்லிப் பார்த்திருக்காங்க. மனுஷன் அசையலை.

1934 மாடல்கள்ல அது வந்தது. காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் ஒரு வகை அமைப்பு. செவ்ரலே, பான்டியாக் இன்னொரு வகை. "நீ ஆக்‌ஷன்"னு விளம்பரம் பண்ணினாங்க. நீன்னா முழங்கால். முழங்கால் மடங்கி நிமிர்ற மாதிரி சக்கரம் வேலை செய்யுதாம். அதே வருஷம் கிரைஸ்லர் கம்பெனியோட ஏர்ஃப்ளோ, இன்ஜினை முன் அச்சு மேல தள்ளி, பின் சீட்டைப் பின் அச்சுக்கு முன்னாடி கொண்டு வந்து, எடைப் பங்கீட்டை மாத்தி அதே ஆட்டத்தை அடக்கப் பார்த்தது. பிறகு ஓலியோட பழைய வீடான ரோல்ஸ் ராய்ஸும் ஃபான்டம் 3 காருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் வழியைத்தான் எடுத்துக்கிட்டது.

இது வரைக்கும் கேட்டா வெற்றிக் கதை மாதிரி இருக்கு, இல்லையா? மேடு பள்ளத்துல வெற்றிதான். ஆனா ரோடு எப்பவும் நேராவே போகாதே.

வளைவுல நடக்கிறது என்ன

வண்டி வளைவுல திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். சாயாம எந்தப் பக்கம் கெட்டியா நிக்குதோ, அந்த எடை மாற்றத்துல பெரிய பங்கை அந்தப் பக்கம்தான் வாங்கிக்கும். முன்பக்கம் கெட்டின்னா முன் வெளிச் சக்கரம். பின்பக்கம் கெட்டின்னா பின் வெளிச் சக்கரம்.

இதுல என்ன தப்பு? டயருக்கு ஒரு குணம் உண்டு. அது மேல இருக்கிற எடை இரண்டு மடங்கானா, அதோட பிடிமானம் இரண்டு மடங்கு ஆகாது; கொஞ்சம் குறைவாத்தான் கூடும். அதனால எந்தப் பக்கத்துல ஒரு சக்கரம் மேல சுமை குவியுதோ, அந்தப் பக்கத்துக்கு மொத்தப் பிடிமானம் குறையும். அந்தப் பக்கம்தான் முதல்ல வழுக்கும்.

முன்பக்கம் முதல்ல வழுக்கினா வண்டி நீங்க நினைச்சதை விடக் குறைவாத் திரும்பும். பதறிப்போய் ஆக்சிலேட்டரை விட்டாலே பெரும்பாலும் சமாளிச்சுடலாம். இது அண்டர்ஸ்டியர். பின்பக்கம் முதல்ல வழுக்கினா வால் வெளிய வீசி, வண்டி பம்பரம் மாதிரி சுத்தும். இது ஓவர்ஸ்டியர். சாதாரண டிரைவரால இதைச் சமாளிக்கிறது கஷ்டம். இந்த ரெண்டு சொல்லையும் புழக்கத்துக்குக் கொண்டு வந்ததுல ஓலிக்கு முக்கியப் பங்கு உண்டு. தன் விதி எங்க உதைக்கும்னு அவருக்கே தெரியும்: சொகுசுக்காக முன்னாடி மெத்து, பின்னாடி கெட்டின்னு வெச்சா, வளைவுல அது ஆபத்தான திசையில தள்ளும்.

தீர்வு, ஸ்டெபிலைசர் பார். ஆன்ட்டி ரோல் பார்னும் சொல்வாங்க. முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற வளைஞ்ச எஃகுக் கம்பி. ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறி இறங்கினா அது சும்மா கூடவே போகும். வண்டி ஒரு பக்கம் சாஞ்சாத்தான் முறுக்கிக்கிட்டுத் தடுக்கும். நேர் ரோட்டுல மெத்துன்னு இருக்கிற முன்பக்கம் வளைவுல மட்டும் கெட்டியாயிடும். சாதாரணக் கம்பிதான், ஆனா புத்திசாலிக் கம்பி.

ரெண்டாவது 15 டாலர்

1960 மாடலா செவ்ரலே கொண்டு வந்த கார் கார்வேர். இன்ஜின் பின்னாடி. எடை பின்னாடி. பின்னாடி சுவிங் ஆக்சில்னு ஒரு அமைப்பு. கடுமையான வளைவுல வண்டியோட பின்பக்கம் எழும்பினா சக்கரம் உள்பக்கமா மடிஞ்சு டயர் விளிம்புல நிக்கிற அபாயம் அதுல உண்டு. இந்த அமைப்பு வண்டியைக் கவிழ்க்கக்கூட செய்யும்னு ஓலி 1950கள்லயே எழுத்துல எச்சரிச்சிருந்தார். அவர் அப்ப அதே செவ்ரலேயில ஆராய்ச்சிப் பிரிவுல இருந்தவர்.

இப்படி ஒரு வண்டிக்கு முன்பக்க ஸ்டெபிலைசர் பார் அவசியம்னு தோணும். ஆனா அதை ஸ்டாண்டர்டா கொடுக்கலை. அதுக்குப் பதிலா டயர்ல வேலை பார்த்தாங்க. முன் டயர்ல 15 பி.எஸ்.ஐ. காத்து, பின் டயர்ல 26. முன் டயர் தளர்வா இருந்தா முன்பக்கம் முதல்ல வழுக்கும், வண்டி சுத்தாதுன்னு கணக்கு. காகிதத்துல கணக்கு சரி. ஆனா எத்தனை பேர் பங்க்ல நின்னு, "முன்னாடி 15, பின்னாடி 26"ன்னு சொல்லிக் காத்து அடிப்பாங்க? நாலு டயருக்கும் ஒரே அளவு அடிச்சுட்டா மொத்தக் கணக்கும் காத்தோட போச்சு.

விபத்துகள் நடந்தது. வழக்குகள் வந்தது. 1961 கடைசியில செவ்ரலேக்குத் தலைவரா வந்தவர் பங்க்கி நூட்சன். பேரைக் கவனிச்சீங்களா? 1933-ல அடம்பிடிச்ச வில்லியம் நூட்சனோட மகன்! ஜெனரல் மோட்டார்ஸ்ல உயர் அதிகாரியா இருந்த ஜான் டிலோரியன் பின்னாளில் சொன்ன விவரப்படி, கார்வேருக்கு ஸ்டெபிலைசர் பார் கொடுக்க மேலிடம் செலவைக் காரணம் காட்டி மறுத்தது; விடலைன்னா வேலையை விட்டுப் போறேன்னு நூட்சன் நின்ன பிறகுதான் இறங்கி வந்தாங்க. செலவு எவ்வளவு தெரியுமா? வண்டிக்குச் சுமார் 15 டாலர்.

1964 மாடல்ல முன்பக்க ஸ்டெபிலைசர் பார் ஸ்டாண்டர்டா வந்தது. பின்னாடி காயில் ஸ்பிரிங்கை மெத்துன்னு ஆக்கி, குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங்கும் சேர்த்தாங்க. அந்த லீஃப் ஸ்பிரிங் பின்பக்கச் சுமையில பங்கு எடுத்துக்கும், ஆனா சாய்மானத்தைத் தடுக்காது. அதாவது பிரச்சினையைத் தீர்த்ததே ஒரு ஸ்பிரிங் கலப்புதான். 1965-ல பின் சஸ்பென்ஷனையே முழுசா மாத்திட்டாங்க.

அதுக்குள்ள ரால்ஃப் நாடர்ங்கிற இளம் வக்கீல் "அன்சேஃப் அட் எனி ஸ்பீடு" புத்தகத்தை எழுதி முடிச்சிருந்தார். 1965 நவம்பர்ல வெளியான அந்தப் புத்தகத்தோட முதல் அத்தியாயமே கார்வேர். நாடரோட சொந்த வாழ்க்கையைத் துருவ ஜெனரல் மோட்டார்ஸ் ஆள் வெச்சது வெளிய வந்து, 1966-ல கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னாடி மன்னிப்பு கேட்டார். அதே வருஷம் அமெரிக்காவுல தேசிய வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 1972-ல அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சோதனைகளை எல்லாம் ஆராய்ஞ்சு, 1960 முதல் 1963 வரைக்குமான கார்வேர், அந்தக் காலத்துப் பிற வண்டிகளை விட அதிகமா கவிழக்கூடியது இல்லைன்னு அறிக்கை கொடுத்தது. என் பார்வையில அது கார்வேருக்கு நற்சான்றிதழ் மாதிரி தெரிஞ்சாலும், அந்தக் காலத்து மத்த வண்டிகள் மேல வெச்ச குற்றச்சாட்டாவும் படிக்கலாம். அப்பாவுக்கு 15 டாலர் சொகுசுக்கான விலை. மகனுக்கு அதே 15 டாலர் உயிருக்கான விலை. ஒரே கம்பெனி, முதல் தடவை உடனே தலையாட்டினது, ரெண்டாவது தடவை ராஜினாமா மிரட்டல் தேவைப்பட்டது. சொகுசு ஷோரூம்ல டெஸ்ட் டிரைவ்லயே தெரிஞ்சுடும். வளைவுல கவிழாம இருந்தது யாருக்கும் தெரியாது.

நடுவுல பிரான்ஸ், இங்கிலாந்து பக்கம் வேற ஒரு வழியும் பிறந்தது. 1948-ல பாரிஸ் கண்காட்சியில வந்த சிட்ரோயன் 2சிவி, முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் பக்கவாட்டுல ஒரே உருளைக்குள்ள இருந்த ஸ்பிரிங்குகளால இணைச்சது. முன் சக்கரம் மேட்டுல ஏறும்போதே பின்பக்கத்துக்குச் சேதி போயிடும். 1962-ல மாரிஸ் 1100 காருக்கு அலெக்ஸ் மோல்டன் அதையே தண்ணி கலந்த திரவத்தைக் குழாய்ல ஓட விட்டுப் பண்ணினார். ரெண்டு பக்கமும் தனித்தனியா சண்டை போடாம பேசிக்கட்டும்ங்கிற யோசனை. அழகான யோசனை, ஆனா எளிய காயில் ஸ்பிரிங்கும் ஸ்டெபிலைசர் பாரும்தான் உலகத்தை ஜெயிச்சது.

சரி, நம்ம நேயருக்குப் பதில்

இப்ப அந்த ரெண்டு மெக்கானிக்குகளையும் பார்ப்போம்.

முதல்வர் சொன்னதுல நியாயம் இருக்கு. பின்னாடி நிரந்தரமா எடை ஏறினா பின் ஸ்பிரிங்கோட தாளம் மந்தமாகும். ஒரு உதாரணம்: பின் ஸ்பிரிங்குகள் 300 கிலோவைத் தாங்கும்போது நொடிக்கு 1.5 தடவை ஆடுதுன்னா, அதே ஸ்பிரிங் 500 கிலோவைத் தாங்கும்போது சுமார் 1.16 தடவைதான் ஆடும். முன்பக்கத்தை விட மெதுவாப் போயிடும், 1920-க்கே திரும்பிடுவோம். அதனால ஏறின எடைக்கு ஏத்த அளவு பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கறது ஓலியோட கணக்கை மீட்டெடுக்கறதுதான்.

ரெண்டாமவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. ஏறின எடையை விட அதிகமா கெட்டியாக்கினா, இல்ல எடையே ஏறாம "சும்மா ஸ்டிஃபா இருக்கட்டும்"னு மாத்தினா, வால் முதல்ல வழுக்கும் வண்டியை நீங்களே தயார் பண்றீங்க. சாதாரண நாள்ல சென்னை டிராஃபிக்ல அது தெரியவே தெரியாது. மழை நாள்ல, கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல ஒண்ணுல, இறக்கத்துல பிரேக் மேல கால் வெச்சு, பின்பக்கம் ஏற்கனவே லேசாகிக் கிடக்கும்போதுதான் தெரியும்.

அதனால சில விஷயங்களை மனசுல வெச்சுக்குங்க. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் வேற ஸ்பிரிங் இருக்கலாம். ஆனா ஒரே அச்சுல இடதுக்கும் வலதுக்கும் வேற ஸ்பிரிங் கூடவே கூடாது. மாத்தினா ஜோடியா மாத்துங்க. உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங்கை வெட்டாதீங்க. ஆறு சுத்து வேலை செய்ற ஸ்பிரிங்குல ஒரு சுத்தை வெட்டினா அது 20 சதவீதம் கெட்டியாயிடும். சுருளை வெட்டினா இளகும்னு நினைக்கிறது தப்பு. உட்கார்ற இடமும் சரியா அமையாது. சுருளுக்கு நடுவுல ரப்பர் கட்டை செருகறதும் இதே கதைதான்: சில சுத்தை வேலை செய்ய விடாம தடுத்து, மீதி சுத்துகள் மேல பாரத்தை ஏத்தும். கெட்டியான ஸ்பிரிங் போட்டா ஷாக் அப்சார்பரும் அதை அடக்குற சக்தியோட இருக்கணும், இல்லைன்னா ஆட்டம் நிக்காது. ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியானாலும் பின் அச்சு, டயர், பிரேக் தாங்கற எடை ஏறிடாது.

கம்பெனியே சி.என்.ஜி. பொருத்தி விக்கிற மாடல் உங்க வண்டியில உண்டான்னு பாருங்க. உண்டுன்னா, அதோட பின் ஸ்பிரிங் பார்ட் நம்பர் பெட்ரோல் மாடல்ல இருந்து வேறயான்னு பார்ட்ஸ் கவுண்டர்ல கேளுங்க. வேறன்னு பதில் வந்தா, உங்களுக்காக ஒருத்தர் ஏற்கனவே கணக்கு போட்டு வெச்சிருக்கார்னு அர்த்தம். அதை வாங்கிப் போடறது, ஜி.பி. ரோட்டுல கண்ணுக்கு அழகா இருக்கிற கலர் ஸ்பிரிங்கை வாங்கறதை விட எவ்வளவோ மேல்.

மாத்தின பிறகு ஒரு காரியம் பண்ணுங்க. ஓலி பண்ணினதையே. தெரிஞ்ச ரோட்டுல, நிதானமான வேகத்துல, வெறும் வண்டியா ஒரு தடவை, ஆள் ஏத்திக்கிட்டு ஒரு தடவை போங்க. பின் சீட்டுல உங்க அம்மாவை உட்கார வெச்சு எப்படி இருக்குன்னு கேளுங்க. எந்தக் கருவியை விடவும் அவங்க சரியாச் சொல்லுவாங்க.

அடுத்த எபிசோடுல பலூன் டயர் எப்படி வந்தது, அது ஏன் ஸ்டியரிங்கை நடுங்க வெச்சதுன்னு பேசலாம். அதுவரைக்கும் டயர்ல காத்து பார்த்துக்குங்க, முன்னாடி பின்னாடி ரெண்டும்.